வெங்காயம், பீற்றூட், மிளகாய்: 20 பரப்புக்கு நேரியல் திட்டமிடல் போட்டால் வாற விடை

தறைக்கணக்கு

சங்கத்து உறுப்பினர்களுக்குக் காட்ட நேரியல் திட்டமிடலில் (இருக்கிற காணி, காசு, ஆளுக்குள் ஆகக்கூடின மிச்சம் தாற பயிர்ப் பங்கைத் தேடுற கணக்கு) ஒரு மாதிரி போட்டிருக்கிறம். கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டம், 20 பரப்பு, ஒரு கிணறு, சிறுபோகம். எண்களெல்லாம் கணக்குக்காக உத்தேசமாக எடுத்தவை, சந்தை விலையெண்டு ஒருவரும் எடுக்க வேண்டாம். காசு முழுக்க ஆயிரம் ரூபாவில்.

பரப்புக்கு மிச்சம் (வரவில் கூலி உட்பட எல்லாச் செலவும் கழித்தது): வெங்காயம் 60, பீற்றூட் 40, மிளகாய் 42.
பரப்புக்குக் கைமுதல்: 50, 20, 25. கையில் இருப்பது 700.
பரப்புக்கு ஆள்நாள்: 20, 10, 30. கிடைப்பது 360.

எக்செல் சொல்வர் (உகந்த விடை தேடுற கருவி) தந்த விடை: வெங்காயம் 10 பரப்பு, பீற்றூட் 10, மிளகாய் 0. மொத்த மிச்சம் 1,000, அதாவது பத்து லட்சம்.

இரண்டு கேள்வி. மிளகாயின் மிச்சம் பீற்றூட்டைவிடக் கூட. பிறகேன் மிளகாய் பூச்சியம்? அடுத்தது, சொல்வரின் உணர்திறன் அறிக்கையில் கைமுதலின் நிழல் விலை (ஒரு அலகு கூடக் கிடைத்தால் மிச்சம் எவ்வளவு கூடும் எண்ட எண்) 0.667 எண்டு நிக்குது. நகையை அடைவு வைத்தாவது கூட வெங்காயம் நடுங்கோ எண்டு உறுப்பினருக்குச் சொல்லலாமா?

இருமை

விடை சரி. கையாலும் போட்டுப் பார்த்தேன். காணியும் கைமுதலும் முழுதாக முடிகின்றன. ஆள்நாளில் 300 தான் செலவு, 60 மிச்சம். முட்டி நிற்கும் கட்டுப்பாடு இரண்டென்றால், மூலைப்புள்ளி விடையில் இரண்டு பயிருக்கு மேல் வராது. இது சிம்ப்ளெக்ஸின் (மூலை மூலையாகப் போய் உகந்த விடையைத் தேடும் முறை) இயல்பு, பயிரின் குணம் இல்லை.

மிளகாய்க்கு வருவோம். காணியின் நிழல் விலை 26.67, கைமுதலினது 0.667. ஒரு பரப்பு மிளகாய் ஒரு பரப்புக் காணியையும் 25 கைமுதலையும் மற்றப் பயிர்களிடமிருந்து பறிக்கிறது. அதன் பெறுமதி 26.67 + 25 × 0.667 = 43.33. மிளகாய் தருவது 42. ஒவ்வொரு பரப்பிலும் 1,333 ரூபா நட்டம். மிச்சம் 43.33ஐத் தாண்டினால் மட்டும் உள்ளே வரும். பீற்றூட்டோடு நேரே ஒப்பிடக்கூடாது, ஏனெனில் பீற்றூட் பிடிக்கும் கைமுதல் 20 தான்.

அடைவுக் கேள்வி. 0.667 என்றால், கூட்டிப் போடும் ஒரு ரூபா, போட்ட ரூபா திரும்பி வந்த பிறகு, இன்னும் 67 சதம் தரும். ஆண்டுக்கு 18 வீத வட்டியென்றாலும் நாலு மாதத்துக்கு 6 சதம்தான். தாளில் பார்த்தால் கடன் எடுக்கத்தான் சொல்லும். ஆனால் அந்த 0.667 நிற்கும் வீச்சு 400 முதல் 880 வரை. 880க்கு மேல் ஆள்நாள் முட்டும், விலை மாறும். நிழல் விலையை எடுத்துப் பேசுபவர் அதன் வீச்சையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய விசயம்: யாழ்ப்பாணத்துச் சிறுபோகக் கணக்கில் தண்ணீர்க் கட்டுப்பாட்டையே காணவில்லை. அது இல்லாமல் எந்த நிழல் விலையையும் நான் நம்பமாட்டேன்.

கிணத்தடி

அதைத்தான் நானும் எழுத வந்தனான். தண்ணியைப் போகத்துக்கு இவ்வளவு எண்டு ஒரே வரியில் போடுறதும் பிழை. கிணறு ஒரு நாளைக்குத் தாறதைத்தான் தரும், ஆனியில் மிச்சம் பிடிச்சு ஆடியில் இறைக்க ஏலாது. ஆகலும் இறுக்கமான கிழமையை எடுங்கோ, அல்லது கிழமைக்கொரு கட்டுப்பாடு போடுங்கோ.

அலகு முதலில். தோட்டக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச், கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர். வயல் காணியில் 24 பரப்புக்கு ஒரு ஏக்கர். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் குணகம் ஒண்டரை மடங்கு பிசகும்.

வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரம் நாளுக்கு 5 மில்லிமீற்றர் எண்டு வையுங்கோ. 253 × 0.005 = 1.265 கனமீற்றர். ஏழு நாளுக்கு 8.9. வாய்க்காலால் பாத்திக்கு விடுகிறதில் 60 வீதம்தான் வேருக்குப் போகுதெண்டால் 8.9 ÷ 0.6, ஏறக்குறைய 15 கனமீற்றர். அதே கிழமையில் பீற்றூட்டுக்கு 10, இளஞ்செடியாய் நிக்கிற மிளகாய்க்கு 7.5 போடலாம். உங்கடை மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாத்துங்கோ. பயிர்க் குணகத்துக்கு உலக உணவு விவசாய நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு 56ஆம் இலக்க வழிகாட்டி இருக்கு.

கிணறு தாங்குகிற அளவை மிசினின் வலுவைப் பார்த்து எழுதக்கூடாது. எங்கடை சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நிண்டால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் எண்டது கைபன்–ஹெர்ட்ஸ்பெர்க் விதி. அந்த ஒரு அடியை இறைச்சு இறக்கினால் கீழேயிருந்து உப்பு ஏறும். இறைக்க முன்னமும் பின்னமும் மின்கடத்துதிறன் மானியால் அளந்து, வாசிப்பு ஏறத் தொடங்க முன்னம் நிப்பாட்டுகிற அளவுதான் தண்ணிக் கட்டுப்பாட்டின் வலப்பக்க எண், அதாவது எல்லை. நாளுக்கு 30 கனமீற்றர் எண்டால் கிழமைக்கு 210.

உங்கடை 10க்கு 10 திட்டத்துக்குக் கிழமைக்கு 250 வேணும். கிணறு தராது.

தறைக்கணக்கு

15 வெ + 10 பீ + 7.5 மி ≤ 210 எண்டு சேர்த்து ஓட்டினோம்.

வெங்காயம் 4.8, பீற்றூட் 9.6, மிளகாய் 5.6. மிச்சம் 907.2. கைமுதலில் 572 தான் செலவு. நிழல் விலைகள்: காணி 4.8, தண்ணீர் கனமீற்றருக்கு 3.04, ஆள்நாள் 0.48, கைமுதல் 0.

இருமை

20 × 4.8 + 210 × 3.04 + 360 × 0.48 = 96 + 638.4 + 172.8 = 907.2. இருமைக் கணக்கும் (ஒவ்வொரு வளத்தையும் அதன் நிழல் விலையால் பெருக்கிக் கூட்டுவது) அதே எண்ணில் முடிகிறது, ஆகவே உகந்த விடை இதுதான். இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு முறையும் செய்யுங்கோ, ஒரு நிமிடம்தான் போகும்.

இப்போது அடைவுக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கோ. கைமுதலின் நிழல் விலை 0.667 இருந்த இடத்தில் பூச்சியம். கையில் 128 சும்மா கிடக்கிறது. இந்த நிலையில் நகையை அடைவு வைத்தால் வட்டி முழுக்க நட்டம். குத்தகைக்கும் அதே கதை: முதல் கணக்கின்படி பரப்புக்கு 26,667 ரூபா வரை குத்தகை கொடுக்கலாம் என்று வந்தது, இப்போது 4,800க்கு மேல் கொடுத்தால் கைக்காசு போகும். பயிர்த்திட்டம் பாதிக்குப் பாதி மாறியது சின்ன விசயம். சங்கம் கொடுக்கப்போன புத்திமதி தலைகீழாகியதுதான் பெரிது.

தண்ணீரின் 3.04 என்பது கிழமைக்கு ஒரு கனமீற்றர் கூடக் கிடைத்தால் போகத்துக்கு 3,040 ரூபா. இது நிற்கும் வீச்சு 180 முதல் ஏறக்குறைய 239 வரை. அதற்கு மேல் கைமுதல் மறுபடியும் முட்டும். ஆகவே குழாய் போட்டு வாய்க்கால் இழப்பில் கிழமைக்கு 25 கனமீற்றர் மிச்சம் பிடித்தால் போகத்துக்கு 76,000. குழாயின் விலையை அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒன்று கவனியுங்கோ, இழப்புக் குறைந்தால் மாறுவது இடப்பக்கக் குணகங்கள், 210 அப்படியே இருக்கும். 76,000 ஒரு மதிப்பீடு மட்டும்தான். குணகத்தை மாற்றித் திரும்ப ஓட்டுங்கோ.

மூன்றாம்_வருடம்

இருமை அண்ணை, ஆள்நாளுக்கு 0.48 எண்டால் நாளுக்கு 480 ரூபாதானே? அந்தக் காசுக்கு ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டினமே. அப்ப கூலிக்கு ஆள் பிடிக்கக்கூடாது எண்டு அர்த்தமா?

இருமை

இல்லைத் தங்கச்சி. மிச்சத்துக்குள் என்ன கழித்திருக்கிறது என்று பார்க்க வேணும். தறைக்கணக்கு எழுதினதில் கூலி ஏற்கனவே கழிந்துவிட்டது. அப்படியென்றால் 480 என்பது வழக்கமான கூலிக்கு மேல். கூலியோடு இன்னும் 480 வரை கூட்டிக் கொடுத்தாலும் நட்டம் வராது. வீட்டாள் உழைப்பைக் கழிக்காமல் மிச்சம் கணக்கிட்டிருந்தால், அதே 480ஐ முழுக் கூலியோடு ஒப்பிட வேண்டும், அப்போது ஆள் பிடிக்கக்கூடாது என்றுதான் வரும். எண் ஒன்று, முடிவு நேரெதிர். பரீட்சைத் தாள்களில் இது வருவதில்லை, தோட்டத்தில் தினமும் வரும்.

சந்தைவழி

இவ்வளவு கணக்குப் போட்டு வந்த விடையை ஒரு நல்ல தோட்டக்காரர் வரம்பில் நிண்டே சொல்லுவார்: தண்ணி காணாது, வெங்காயத்தைக் குறை, கொஞ்ச மிளகாய் வை. இதுக்கு ஏன் சிம்ப்ளெக்ஸ்?

இருமை

திட்டத்தை மட்டும் கேட்டால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பொருளியலாளர் ஸ்டிக்லர் 1945இல் வெளியிட்ட, சத்துத் தேவையை ஆகக் குறைந்த செலவில் நிரப்பும் உணவுக் கணக்கில் 77 உணவுகள், 9 சத்துகள். கூர்ந்த ஊகத்தால் ஆண்டுக்கு 39.93 டொலர் என்று முடித்தார். 1947இல் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸை அதில் போட்டபோது, மேசைக் கணிப்பொறிகளோடு ஏறத்தாழ 120 ஆள்நாள் செலவழித்து வந்த விடை 39.69. வித்தியாசம் 24 சதம். அனுபவசாலியின் கண் உகந்த புள்ளிக்குக் கிட்டத்தான் போகும்.

ஆனால் குத்தகைக்கு ஒரு பரப்பு எவ்வளவு பெறும், இன்னொரு கனமீற்றர் எவ்வளவு பெறும் என்பதை வரம்பில் நின்று சொல்ல முடியாது. நான் கணக்கைத் திறப்பது அந்த நிரலுக்காக. திட்டம் கூட வருவது.

சந்தைவழி

சரி. அப்ப வேறை இரண்டு ஓட்டை சொல்லுறன், அடையுங்கோ.

ஒண்டு, வெங்காயம் இரண்டு இரண்டரை மாதத்தில் கிளம்பிவிடும். மிளகாய் ஐந்து ஆறு மாதம் நிக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே 20 பரப்புக்குள் ஒரு தரம் கணக்கெடுத்திருக்கிறியள். வெங்காயம் கிளம்பின தறை பிறகு சும்மா கிடக்குமா?

மற்றது, 60 எண்ட மிச்சம் ஒரு தோட்டத்துக்குச் சரி. சங்கத்தில் எல்லாரும் இந்தத் தாளைப் பார்த்து நட்டால் ஒரே கிழமையில் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் வந்து இறங்கும். விலை அப்பவும் 60ஐத் தருமா?

வாய்க்கால்

முதலாவதுக்கு: பயிரை மட்டும் மாறியாக எடுக்காமல் பயிரையும் நடுகை மாதத்தையும் சேர்த்து எடுங்கோ. வெங்காயம்–சித்திரை, வெங்காயம்–ஆனி, பீற்றூட்–ஆடி எண்டு. காணிக்கு மாதத்துக்கொரு கட்டுப்பாடு: அந்த மாதம் தறையில் நிக்கிற எல்லாம் சேர்ந்து 20க்குள். சித்திரை வெங்காயம் சித்திரை, வைகாசி, ஆனி மூண்டிலும் 1 எடுக்கும், ஆடியில் 0. மிளகாய் எல்லா மாதத்திலும் 1. தண்ணிக்கும் ஆளுக்கும் அதே மாதிரி. ஆள்நாளைப் போகம் முழுக்க 360 எண்டு போடுறது தண்ணியை ஒரே வரியில் போடுறதைப்போலப் பிழைதான், ஏனெண்டால் வெங்காயத்துக்கு நடுகையிலும் கிளப்புகிறதிலும்தான் ஆள் குவியும். மூண்டு மாறி பதினைஞ்சாகும், நாலு கட்டுப்பாடு இருபதாகும். சொல்வருக்கு அது ஒண்டுமே இல்லை, 200 மாறி வரை எடுக்கும்.

இப்படிப் போட்டால் காணிக்கு மாதத்துக்கொரு நிழல் விலை வரும். ஆடி மாதக் காணி விலை பூச்சியமாயும் வைகாசியினது உயரமாயும் வந்தால் நடுகையை இரண்டு மூண்டு கிழமை தள்ளிப் பாருங்கோ.

வெங்காயத்துக்குப் பின்னால் உடன வெங்காயம் வைக்கக்கூடாது எண்டால் அதையும் எழுதவேணும்: ஆடியில் வெங்காயம் வைக்கிற பரப்பு, முன்னம் வெங்காயம் இல்லாத பரப்புக்குள் அடங்கவேணும். எழுதாட்டில் கணக்கு அடுக்கடுக்காய் வெங்காயம்தான் வைக்கும்.

இரண்டாவதுக்கு: இறங்கு விலையைப் படியாய் வெட்டுங்கோ. சங்கம் முழுவதுக்கும் முதல் 200 பரப்பு வெங்காயம் 60, அடுத்த 100 பரப்பு 48, அதற்கு மேல் 30 எண்டு மூண்டு மாறி, ஒவ்வொண்டுக்கும் மேலெல்லை. மிச்சம் இறங்கிக்கொண்டு போகிறபடியால் கணக்கு தானாகவே உயர்ந்த படியை முதலில் நிரப்பும், முழு எண் மாறி தேவையில்லை. ஏறுகிற படியெண்டால் (கூட எடுத்தால் விதைவெங்காயம் மலிவு எண்ட மாதிரி) அது ஓடாது. மலிவுப் படிக்குத்தான் நேரே பாயும், அங்கே 0–1 மாறி (இல்லை, ஓம் எண்ட இரண்டு பெறுமதி மட்டும் எடுக்கிறது) கட்டாயம். இது ஒரு தோட்டத்துத் தாளில் வராது, சங்கத்துத் தாளில் வரும். இரண்டையும் வேறு வேறாய் வையுங்கோ.

மூன்றாம்_வருடம்

விலை ஆண்டுக்காண்டு ஆடுகிறதைச் சராசரி எடுத்து 60 எண்டு போட்டால் காணுமோ? மார்க்கோவிட்ஸ் 1952 முறையில் மாறுபாட்டு அணி போட்டால் இருபடிக் கணக்காகிவிடும், சொல்வரின் நேரியல் முறையில் ஓடாது.

இருமை

காணாது. ஆனால் இருபடிக்குப் போகத் தேவையில்லை. ஹேசல் 1971இல் தந்த வழி: மாறுபாட்டுக்குப் பதில் சராசரிக்குக் கீழே விழும் தொகையைக் கூட்டுவது. எல்லாம் நேர்கோடாகவே இருக்கும்.

மூன்று ஆண்டு மிச்சங்களை இப்படி வைப்போம், சராசரிகள் மேலே உள்ளவைதான். வெங்காயம் 110, 20, 50. பீற்றூட் 45, 35, 40. மிளகாய் 30, 56, 40. (மூன்று ஆண்டு விளக்கத்துக்கு மட்டும். உண்மைக் கணக்குக்கு ஏழெட்டாவது வேண்டும்.) ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு குறைவு மாறி. அந்த ஆண்டின் விலகல்களைப் பரப்பால் பெருக்கிக் கூட்டி, அதோடு குறைவு மாறியையும் சேர்த்தால் பூச்சியத்துக்குக் குறையக்கூடாது. குறைவுகளின் கூட்டைச் சிறிதாக்க வேண்டும், சராசரி மிச்சம் ஒரு இலக்குக்குக் கீழே போகக்கூடாது. இலக்கை 900, 850, 800 என்று இறக்கி இறக்கி ஓட்டினால் ஆபத்துக்கும் மிச்சத்துக்குமான வளைவு வரும்.

இரண்டு திட்டங்களையும் போட்டுப் பாருங்கோ. பழைய 10க்கு 10: ஆண்டுகள் 1,550, 550, 900. தண்ணீர்த் திட்டம்: 1,128, 745.6, 848. சராசரியில் 9 வீதம்தான் இழப்பு, ஆனால் மோசமான ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கூட. கடனோடு நிற்பவருக்குச் சராசரி சாப்பாடு போடாது, மோசமான ஆண்டைத் தாண்டினால்தான் அடுத்த போகம்.

ஒரு எச்சரிக்கை. பழைய விலைகளை அப்படியே போடாதீர்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதத்தில் நின்றது. 2019 மிச்சத்தையும் 2023 மிச்சத்தையும் பக்கத்தில் வைத்தால் கணக்கு பணவீக்கத்தையே ஆபத்தென்று எண்ணிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே ஆண்டு விலைக்குக் கொண்டு வாருங்கோ. 2021இல் இரசாயன உரத் தடை இருந்த போகத்தைப் பட்டியலில் வைப்பதா விடுவதா என்பது உங்கள் தீர்மானம். நான் வைப்பேன், ஆனால் குறிப்போடு.

தறைக்கணக்கு

4.8, 9.6, 5.6 எண்டு சொன்னால் உறுப்பினர் சிரிப்பினம். 5, 10, 6 எண்டு கொடுக்கலாமா?

வாய்க்கால்

கூட்டிப் பாருங்கோ, 21 பரப்பு. காணியே காணாது. தண்ணியும் 220 கேட்கும், ஆள் 380. முழுப் பரப்புத்தான் வேணுமெண்டால் முழு எண் கட்டுப்பாடு போட்டு ஓட்டுங்கோ. வாற விடை 4, 10, 6. தண்ணி 205, ஆள் சரியாய் 360, மிச்சம் 892. வெங்காயம் 4.8 இருந்து 5க்கு ஏறாமல் 4க்கு இறங்கினதைப் பாருங்கோ. கண்ணால் உருட்டினால் இந்த விடை வராது. அரைப் பரப்பு பாத்தி பிரிக்கலாமெண்டால் இந்தச் சிக்கலே குறைவு.

முழு எண் போட்டவுடன் சொல்வர் உணர்திறன் அறிக்கை தராது. நிழல் விலையைத் தொடர் கணக்கில் எடுத்து வைச்சுக்கொண்டு பிறகு முழு எண்ணுக்குப் போங்கோ.

‘மிளகாய் வைச்சால் குறைஞ்சது 3 பரப்பு, இல்லாட்டில் வேண்டாம்’ எண்ட மாதிரி நிபந்தனைக்கு 0–1 மாறி ஒண்டு, அதைத் தெ எண்டு வைப்பம்: மி ≥ 3 தெ, மி ≤ 20 தெ. அந்த 20க்குப் பதில் பத்து லட்சம் எண்டு போடுற பழக்கம் கனபேருக்கு இருக்கு. சொல்வர் 0.000001 ஐப் பூச்சியமெண்டு ஏற்கும். அதைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் ஒரு பரப்பு. ‘மிளகாய் இல்லை’ எண்டு சொல்லிக்கொண்டே மேலெல்லை ஒரு பரப்பு மிளகாய்க்கு இடம் விடும். காணியின் அளவே போதும்.

மூன்றாம்_வருடம்

பைதனில் சைபையின் லின்புரோக் (நேரியல் கணக்குத் தீர்க்கிற கட்டளை) பாவிச்சால் நிழல் விலை எல்லாம் மறையில் வருகுது. பிழையோ?

இருமை

பிழையில்லை. அது சிறிதாக்க மட்டும்தான் செய்யும். நீங்கள் மிச்சத்தை மறையாக்கிக் கொடுத்திருப்பீர்கள், ஆகவே நிழல் விலையும் மறை. குறியைத் திருப்பினால் சரி. பைதனின் இன்னொரு தொகுப்பான பல்ப் (PuLP) பாவித்தால் பெரிதாக்கு என்று நேரே சொல்லலாம்.

எக்செலில் மூன்று இடம் பாருங்கோ: தீர்வு முறை ‘சிம்ப்ளெக்ஸ்’ என்று இருக்க வேண்டும், மாறிகள் மறையாகக் கூடாது என்ற பெட்டியில் குறி இருக்க வேண்டும், மிச்சக் கலத்தில் ‘இருந்தால்’ சூத்திரம் ஏதும் ஒளிந்திருக்கக் கூடாது. அது இருந்தால் நேர்கோடில்லை என்று நின்றுவிடும், அல்லது வளைகோட்டு முறைக்கு மாற்றினால் பக்கத்து மேட்டில் ஏறி நின்று இதுதான் உச்சி என்று சொல்லும்.

அதோடு, தேவைக்கு மேலான கட்டுப்பாடுகள் ஒரே மூலையில் சந்திக்கும்போது, நிழல் விலை ஒன்றுக்கு மேல் இருக்கலாம். அறிக்கை அதில் ஒன்றை மட்டும் காட்டும். கூட்டவோ குறைக்கவோ விடும் வீச்சு பூச்சியம் என்று வந்தால் சந்தேகப்படுங்கோ. அப்படியான இடத்தில் வலப்பக்கத்தை ஒன்றால் கூட்டி ஒரு தரம், குறைத்து ஒரு தரம் ஓட்டி, மிச்சம் எவ்வளவு மாறுகிறது என்று நேரே அளப்பதுதான் வழி.

கிணத்தடி

தறைக்கணக்குத் தம்பி, உறுப்பினருக்குக் கொடுக்கிற தாளில் 210 எண்டு அச்சடிச்சு விடாதேங்கோ. கோப்பாய்க் கிணத்து எண் வலிகாமம் மேற்கில் கடலோரக் கிணத்துக்குப் பொருந்தாது. அந்தப் பெட்டியை வெறுமையாய் விட்டு, கீழே அளக்கிற முறையை எழுதுங்கோ: மிசின் ஒரு பீப்பாயை நிரப்ப எத்தினை செக்கன், எத்தினை மணித்தியாலம் இறைச்சால் மானி வாசிப்பு ஏறத் தொடங்குது. 200 லீற்றர் பீப்பாய் 72 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 10 கனமீற்றர். மூண்டு மணித்தியாலம்தான் தாங்குமெண்டால் நாளுக்கு 30. ஆவணியில் ஒருக்கால் திரும்ப அளக்கச் சொல்லுங்கோ, மாசியில் அளந்த எண் அப்ப நிக்காது.

தறைக்கணக்கு

சரி ஐயா. தண்ணி, குத்தகை, ஆள்நாள் மூண்டின் நிழல் விலையும் வீச்சோடு மேலே, பயிர்த்திட்டம் கீழே எண்டு தாளை மாத்துறம். மாதவாரிக் கணக்கில் வெங்காயத்தின் நடுகை, கிளப்பு ஆள்நாளைத் தனித்தனியாய்ப் பிரிச்சு வைச்சிருக்கிற ஆரேனும் இருந்தால் எண்களைப் போடுங்கோ. பரப்புக்கு 20 எண்டதில் கிளப்பிக் கட்டிற வேலைக்கு எத்தினை போகுது எண்டது இன்னும் எங்கடை தாளில் வெறுமையாய்த்தான் இருக்கு.

வாய்க்கால்

அதைப் போடேக்கை விதைவெங்காயம் பிடுங்கித் தெரியிற நாளையும் சேர்க்கோணும். கனபேர் அதை வீட்டு வேலையெண்டு விட்டுவிடுவினம், பிறகு நடுகைக் கிழமையில் ஆள் முட்டாத மாதிரிக் கணக்குக் காட்டும்.